டிராயிங்கில் வெறும் 'பிராஸ், நிக்கல் பிளேட்டட்' என்று இருந்தால் எந்த ராடு வாங்குவது?

கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் உதவும். இரண்டு சிஎன்சி லேத் வைத்துச் சொந்தமாகப் பட்டறை நடத்துகிறீர்கள். வீட்டுக் குடிநீர் சுத்திகரிப்புக் கருவிக்குள் போகும் ஒரு சின்ன இணைப்பு ஜாப் வந்திருக்கிறது. வெளியே எம்10 மரை (10 மில்லி விட்டம்), 1 மில்லி பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்), நடுவில் 4 மில்லி எச்7 துளை (எச்7 என்பது துளை அளவு எவ்வளவு மாறலாம் என்ற எல்லை). மெட்டீரியல் பற்றி டிராயிங்கில் 'பிராஸ், நிக்கல் பிளேட்டட்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ராடு கடையில் மூன்று விலை சொன்னார்கள், நடு விலையில் வாங்கினீர்கள். 1500 பீஸ் ஓட்டி, எல்லாம் கேஜ் பார்த்து, 8 முதல் 10 மைக்ரான் நிக்கல் கேட்டு அனுப்பினீர்கள். திரும்பி வந்தபின் ரிங் கேஜ் (வெளி மரையைச் சோதிக்கும் வளையம்) ஏறவில்லை. அதனால் எந்தப் பித்தளை நல்லது, எந்த முலாம் நல்லது என்று கேட்கிறீர்கள். எனக்கு இதில் இரண்டு கேள்விகள் தெரிகின்றன. மரை ஏன் ஏறவில்லை என்பது ஒன்று, அது வெறும் கணக்கு. இந்த உலோகம் குடிக்கிற தண்ணீருக்குள் போகலாமா என்பது இன்னொன்று. அதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதுதான் பெரிய கவலை. டிரவுப் என்ற பழைய ஆட்டோமேட்டிக் லேத்தில் ஆரம்பித்து 24 வருடமாகப் பித்தளைதான் ஓட்டுகிறேன், நடுவில் ஆறு வருடம் ஒரு முலாம் பட்டறையிலும் இருந்தேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ராடு. செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் பித்தளை, அது எல்லோருக்கும் தெரியும். லேத் ஓட்டுகிறவருக்கு முக்கியம் மூன்றாவதாகச் சேர்க்கும் காரீயம். அது பித்தளையில் கரையாது, உள்ளே நுண்ணிய துளிகளாகச் சிதறிக் கிடக்கும். டூல் முனை அந்தத் துளியைத் தொடும் இடத்தில் சிப்ஸ் (வெட்டும்போது வரும் சீவல்) ஒடிந்துவிடும், காரீயம் கொஞ்சம் மசகு வேலையும் செய்யும். அதனால்தான் பித்தளைச் சிப்ஸ் சுருளாக வராமல் ரவை மாதிரி தெறிக்கிறது. அமெரிக்கப் பெயரில் சி36000 என்பது இந்த வகை: செம்பு 60 முதல் 63 சதவீதம், காரீயம் 2.5 முதல் 3 சதவீதம், மீதி துத்தநாகம். செம்புக் கலவைகளில் எது எவ்வளவு சுலபமாக வெட்டும் என்று ஒப்பிட இதைத்தான் 100 என்று வைத்திருக்கிறார்கள். அதே அளவுகோலில் காரீயம் இல்லாத 70/30 (செம்பு 70, துத்தநாகம் 30) பித்தளைக்கு 30தான். ஐரோப்பிய டிராயிங்கில் சிடபிள்யூ614என் என்று வந்தால் செம்பு 57 முதல் 59, காரீயம் 2.5 முதல் 3.5. பழைய பிரிட்டிஷ் டிராயிங்குகளில் சிஇசட்121 என்று இருப்பதும் ஏறக்குறைய இதுதான். நம் ஊர் ஸ்டாண்டர்டு ஐஎஸ் 319. சிடபிள்யூ617என் என்று கேட்டால் அது சூடாக அடித்து உருவாக்கும் ஃபோர்ஜிங் பித்தளை, காரீயம் கொஞ்சம் குறைவு, லேத்திலும் நன்றாகவே ஓடும்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. நாம் பேச்சில் எல்லாவற்றையும் 'ஈயம்' என்று சொல்லிவிடுகிறோம். பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம், இந்த ராடில் இருப்பது காரீயம். இரண்டும் வேறு உலோகம், உடம்புக்கு அவை செய்வதும் வேறு. டெஸ்ட் சர்டிபிகேட்டில் எஸ்என் என்றால் வெள்ளீயம், பிபி என்றால் காரீயம். நேவல் பிராஸில் அரை முதல் ஒரு சதவீதம் வெள்ளீயம் போடுவது கடல் தண்ணீரைத் தாங்கத்தான். 'ஈயம் இருக்கிறதாம், அப்போது நன்றாக வெட்டும்' என்று நம்பி அதை வாங்கி வந்த ஒருவர் சிப்ஸ் சுற்றிச் சுற்றி டூலை உடைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கடையில் சொன்ன மூன்று விலைகளில் எது எந்த கிரேடு என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, ராடின் நிறத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பொதுவாக மலிவான ராடு கலவை ஸ்கிராப்பை உருக்கி எடுத்ததாக இருக்கும். ஸ்கிராப்பை உருக்குவதில் தவறு எதுவும் இல்லை, நல்ல ராடு ஆலைகளும் அதைத்தான் செய்கின்றன. அளவை யார் சோதித்துச் சரிசெய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். இரும்பும் சிலிக்கானும் கூடிப்போனால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத கெட்டியான புள்ளிகள் உண்டாகும். கார்பைடு முனை காரணமே இல்லாமல் பொரிந்து விழும், பாலிஷ் போட்டால் வால் நட்சத்திரம் மாதிரி கோடு இழுக்கும். எங்கள் பட்டறையில் ஒரு தடவை ஒரே நாளில் ஒன்பது இன்செர்ட் (மாற்றிப் போடும் வெட்டுமுனை) போனது. புரோகிராமை மூன்று தடவை மாற்றிய பிறகுதான் ராடைச் சந்தேகப்பட்டோம், சோதனைக்கு அனுப்பினால் இரும்பு அனுமதித்த அளவைவிட இரண்டு மடங்கு. அன்றிலிருந்து லாட்டுக்கு ஒரு துண்டு வெட்டி லேபுக்கு அனுப்பாமல் நான் ஓட்டுவதில்லை. கையில் பிடிக்கும் எக்ஸ்ரே துப்பாக்கியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வெட்டிய முகத்தில் காரீயம் இழுபட்டுப் பரவியிருக்கும், அது உள்ளே இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். தீப்பொறி வைத்துப் பார்க்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் ரிப்போர்ட் வாங்குங்கள்.

இனி தண்ணீர். நம் நாட்டுக் குடிநீர் ஸ்டாண்டர்டான ஐஎஸ் 10500 படி குடிநீரில் காரீயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. அமெரிக்காவில் 2014 ஜனவரி 4 முதல் குடிநீர்க் குழாய்ச் சாமான்களில் தண்ணீர் படும் பரப்பின் சராசரிக் காரீயம் 0.25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டம். நீங்கள் ஓட்டிய ராடு சாதாரண ஃப்ரீ கட்டிங் வகையாக இருந்தால் அதில் அதைப்போலப் பத்து மடங்கு காரீயம். அதோடு சுத்திகரிப்புக் கருவியில் உப்பை வடிக்கும் ஆர்ஓ சவ்வைத் தாண்டி வரும் தண்ணீர் தாது குறைந்தது, கொஞ்சம் புளிப்புப் பக்கம் சாய்ந்தது. அந்தத் தண்ணீர் உலோகத்தை அதிகமாகவே கரைக்கும், அதுவும் ராத்திரி முழுக்க உள்ளே தேங்கி நின்றால் இன்னும் மோசம். 'மேலே நிக்கல் போட்டாயிற்றே' என்று நினைப்பீர்கள். அந்த 4 மில்லி துளைக்குள் மின்முலாம் சரியாகப் போகாது. வாயருகில் படியும், நடுவில் மெல்லியதாகவோ ஒன்றுமே இல்லாமலோ இருக்கும். தண்ணீர் ஓடுவது அந்த நடுப்பகுதியில்தான். உள்ளே படிகிற நிக்கலும் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், அதனால் குழாய்ச் சாமான் செய்பவர்கள் உள்பக்கம் நிக்கல் படியாமல் துளையை அடைத்துவிட்டு முலாம் போடுவது உண்டு. தவறான பித்தளையை முலாம் காப்பாற்றும் என்று நம்பி ஆர்டர் எடுக்காதீர்கள்.

தண்ணீரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. துத்தநாகம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பித்தளைகளில் தண்ணீர் துத்தநாகத்தை மட்டும் அரித்துக்கொண்டு போய்விடும், மிச்சம் சிவப்பாக, பஞ்சு மாதிரி ஓட்டையான செம்பு. வெளியே பார்த்தால் அளவு அப்படியே இருக்கும், விரலால் அழுத்தினால் உடையும். குளோரைடு அதிகமான போர் தண்ணீர், சூடான தண்ணீர், ஓடாமல் தேங்கும் தண்ணீர், மூன்றிலும் இது வேகமாக நடக்கும். இதற்காகவே ஆர்செனிக் 0.02 முதல் 0.15 சதவீதம் சேர்த்த டிஇசட்ஆர் (துத்தநாக அரிப்பைத் தாங்கும்) பித்தளை இருக்கிறது, சிடபிள்யூ602என் அந்த வகை. 75 டிகிரியில் காப்பர் குளோரைடு கரைசலில் 24 மணி நேரம் ஊறவைத்து, வெட்டிப் பார்த்து, அரிப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அளக்கும் ஐஎஸ்ஓ 6509 சோதனையில் தேறினால்தான் அதை டிஇசட்ஆர் என்பார்கள். ஆனால் 602-லும் இரண்டு சதவீதம் போலக் காரீயம் உண்டு, அரிப்பைத் தடுக்கிறதே தவிரக் காரீயப் பிரச்சினை அப்படியே இருக்கும். அரிப்பும் வேண்டாம், காரீயமும் வேண்டாம் என்றால் சிலிக்கான் பித்தளை இருக்கிறது, ஐரோப்பாவில் சிடபிள்யூ724ஆர், அமெரிக்காவில் சி69300. செம்பு 75 சதவீதம் சுற்றி, சிலிக்கான் மூன்று சதவீதம் சுற்றி, காரீயம் 0.1-க்குள். சிப்ஸ் ஒடியும், ஆனால் வேகத்தைக் குறைக்க வேண்டும், டூல் சீக்கிரம் தேயும், ராடு விலை அதிகம், எல்லாக் கடையிலும் கிடைக்காது. அப்புறம் அதன் சிப்ஸை வேறு டிரம்மில் வையுங்கள். சிலிக்கான் கலந்த சிப்ஸ் சாதாரணப் பித்தளைச் சிப்ஸில் விழுந்தால் இரண்டு குவியலுக்கும் விலை போய்விடும். பித்தளை வேலையில் லாபமே திரும்ப விற்கும் சிப்ஸில்தான் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும், உங்கள் மாதிரித் துளை போட்ட ஜாபில் வாங்கிய ராடில் பாதிக்கு மேல் சிப்ஸாகத்தான் போகும்.

என் தீர்ப்பு வேண்டுமென்றால், இந்தச் சாமான் ஆர்ஓ சவ்வுக்குப் பின்னால் வருவதாக இருந்தால் பித்தளையே வேண்டாம், ஸ்டெயின்லெஸ் 304 அல்லது 316 என்று கஸ்டமரிடம் எழுதிக் கேளுங்கள். சவ்வுக்கு முன்னால், வடிகட்டும் பக்கமாக இருந்தால் டிஇசட்ஆர் பற்றிப் பேசலாம். எந்தப் பக்கம் என்று டிராயிங்கில் இல்லை, நீங்களும் சொல்லவில்லை, ஆகையால் இதற்கு மேல் என்னால் போக முடியாது.

பித்தளை வெடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்காவிட்டாலும். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலம் வந்தால் ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகள் கிடங்கில் கிடந்தபடியே வெடித்தன, யாரும் தொடவில்லை, சுடவும் இல்லை. குதிரை லாயங்களில் அடுக்கியிருந்தார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து வரும் அமோனியாவும் ஈரமும் ஒருபக்கம், உறையை இழுத்து உருவாக்கியபோது உள்ளே தங்கிய இறுக்கம் ஒருபக்கம். இரண்டும் சேர்ந்தால் பித்தளை பிளக்கும் என்று 1921-ல் விளக்கமாக எழுதிவிட்டார்கள். பருவமழையில் வந்ததால் அதற்கு 'சீசன் கிராக்கிங்' என்றே பெயர். நூறு வருடம் ஆகியும் கோழிப்பண்ணை, உரக்கடை, கழிப்பறை என்று அமோனியா உள்ள இடங்களில் அளவுக்கு மீறி முறுக்கிய பித்தளை ஃபிட்டிங் மாட்டிய மூன்றாம் மாதம் நீளவாக்கில் பிளந்து நிற்பதைப் பார்க்கலாம். உங்கள் ஜாபை அசெம்பிளியில் யாராவது நசுக்கியோ வளைத்தோ பொருத்துகிறார்களா என்று கேளுங்கள். அப்படியென்றால் ஃப்ரீ கட்டிங் ராடு கூடாது, காரீயத் துளிகள் இருக்கும் இடத்தில் மடிப்பு கிழியும். வெறும் இறுக்கம்தான் பயம் என்றால் 250 முதல் 300 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தால் உள்ளிறுக்கம் தளரும், கெட்டித்தன்மை பெரிதாகக் குறையாது. இதை முலாமுக்கு முன்னால் செய்யுங்கள்.

சரி, மரை. எம்10, 1 மில்லி பிட்ச், 6ஜி (வெளி மரைக்கான வழக்கமான டாலரன்ஸ், அதாவது அளவு மாறலாம் என்ற எல்லை) என்றால் பிட்ச் விட்டம், அதாவது மரைப் பல்லும் இடைவெளியும் சமமாக இருக்கும் இடத்து விட்டம், அதிகபட்சம் 9.324, குறைந்தபட்சம் 9.212. அடிப்படை அளவு 9.350. அந்த 26 மைக்ரான் இடைவெளியை ஸ்டாண்டர்டில் விட்டிருப்பதே முலாமுக்கும் சேர்த்துத்தான். இப்போது முலாம் படிவதைப் பாருங்கள். மரையின் சரிவு அச்சுக்குச் செங்குத்தாக இல்லை, 60 டிகிரி மரையில் முலாமின் கனத்தைப் போல நான்கு மடங்கு பிட்ச் விட்டம் ஏறும். 8 மைக்ரான் போட்டால் 32 ஏறும், 10 போட்டால் 40. நீங்கள் ஓட்டும்போது ரிங் கேஜ் ஏறினால் போதும் என்ற அளவில், அதாவது மேல் எல்லையை ஒட்டி 9.32 வைத்திருந்தால் 9.36 ஆகிவிட்டது, அடிப்படை அளவையே தாண்டிவிட்டது. மேல் எல்லையில் வைத்துவிட்டுத் தாங்கக்கூடிய முலாம் ஆறரை மைக்ரான்தான். இதற்கு மேல் மரையின் முனையில் மின்சாரம் கூடுவதால் அங்கே சராசரியைவிடக் கனமாகப் படியும். 8 முதல் 10 மைக்ரான் என்று பேசியிருந்தால் முலாமுக்கு முன் பிட்ச் விட்டத்தை 9.25-லிருந்து 9.28-க்குள் வையுங்கள், மரைப் பள்ளத்தில் மூன்று கம்பி வைத்து மைக்ரோமீட்டரால் அளந்து ஓட்டுங்கள், ரிங் கேஜை மட்டும் நம்பாதீர்கள். 'அளவுகள் முலாமுக்குப் பின்' என்றா 'முலாமுக்கு முன்' என்றா என்று கஸ்டமரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். மரைக்கு ஐஎஸ்ஓ வழக்கம் என்னவென்றால், டாலரன்ஸ் முலாமுக்கு முன்னால் பொருந்தும், முலாமுக்குப் பின் அடிப்படை அளவைத் தாண்டாமல் இருந்தால் போதும், அதாவது அப்போது 6எச் (அந்த 26 மைக்ரான் இடைவெளி இல்லாத) ரிங் கேஜ் ஏற வேண்டும். நீங்கள் முலாம் போட்டதைப் பழைய 6ஜி கேஜில் பார்த்து ரிஜெக்ட் செய்திருந்தால் அதில் ஒரு பகுதி நல்ல பீஸாகவே இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள்.

துளைக்கும் இதே கதை. 4 மில்லி எச்7 என்றால் மொத்த டாலரன்ஸே 12 மைக்ரான். சுவருக்கு 8 மைக்ரான் படிந்தால் விட்டம் 16 குறையும். வாய் இறுகி உள்ளே லூசாக இருக்கும் துளை வந்தால் ரீமரைக் குறை சொல்லாதீர்கள். துளைக்குள்ளும் ஒரே கனம் வேண்டும் என்றால் மின்சாரம் இல்லாமல் படியும் எலக்ட்ரோலெஸ் நிக்கல் போட வேண்டும். அது மூலை, மரை, துளை எல்லாவற்றிலும் ஒரே அளவாகப் படியும், முன்கூட்டியே கணக்குப் போட்டு ஓட்டலாம். விலை அதிகம், பளபளப்பு கொஞ்சம் குறைவு. ஆனால் உங்கள் ஜாப் குடிநீருக்கு என்பதால் துளைக்குள் நிக்கல் வராமல் அடைப்பதைத்தான் நான் கேட்பேன், துளை முழுக்கச் சீராக நிக்கல் படிவது இந்த இடத்துக்கு நல்லதில்லை.

முலாம் பட்டறையில் நான் கற்றது ஒன்று, மிஷின் ஓட்டுகிறவர்கள் கவனிக்காதது. காரீயம் கலந்த பித்தளையில் நிக்கல் உரிந்தால் பெரும்பாலும் குற்றவாளி வெட்டிய பரப்பில் இழுபட்டுக் கிடக்கும் காரீயம். அதை வழக்கமான கந்தக அமிலத்தில் முக்கினால் கரையாத காரீய சல்பேட் உண்டாகி மெல்லிய பொடியாக ஒட்டிக்கொள்ளும், நிக்கல் அதன் மேல் உட்கார்ந்து பிறகு தோல் மாதிரி வரும். ஃபுளோபோரிக் அமிலத்தில் முக்கினால் காரீயம் போய்விடும், அதன் மேல் மெல்லிய செம்பு அடுக்கு போட்டு நிக்கல் போட்டால் பிடிக்கும். எலக்ட்ரோலெஸ் குளியலுக்கோ காரீயம் அதிகமாகக் கரைந்தால் விஷம், படிவதே நின்றுவிடும், அதோடு பித்தளை மேல் அது தானாக ஆரம்பிக்கவும் செய்யாது, முதலில் மின்சாரம் வைத்துப் போடும் ஒரு மெல்லிய நிக்கல் அடுக்கு (ஸ்டிரைக்) வேண்டும். அதனால் முலாம்காரரிடம் 'பித்தளை' என்று மட்டும் சொல்லாமல் கிரேடைச் சொல்லி அனுப்புங்கள். பிசிறையும் முழுவதாக எடுத்துவிட்டு அனுப்புங்கள், பிசிறு நுனியில் நிக்கல் மொட்டு கட்டி, கேஜையும் கெடுக்கும், கையையும் கிழிக்கும். நல்ல பட்டறையா என்று பார்க்க ஒரு சுலப வழி: இரண்டு பீஸை 200 டிகிரி போலச் சூடாக்கி உடனே குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள், கொப்புளம் வந்தால் பிடிப்பு இல்லை.

முலாமே வேண்டாம், பித்தளை நிறம் போதும் என்று கஸ்டமர் ஒத்துக்கொண்டால் வேலை பாதி குறையும். பென்சோட்ரையசோல் கரைசலில் முக்கிக் காயவைத்தால் கிடங்கில் சில மாதம் கறுக்காமல் இருக்கும், அளவும் மாறாது. புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு எவ்வளவு சீக்கிரம் மங்குகிறது என்று வீட்டில் பார்த்திருப்பீர்கள், சுத்தமான பித்தளைப் பரப்பு காற்றோடு அவ்வளவு வேகமாகச் சேரும். வெட்டியதும் கையுறை போட்டு எடுங்கள், விரல் ரேகை ஒரு வாரத்தில் பழுப்பாகத் தெரியும்.

அளவு பற்றி இன்னொன்று. பித்தளை சூட்டில் இரும்பைவிட அதிகமாக விரியும், 50 மில்லி நீளத்துக்கு 10 டிகிரி கூடினால் 10 மைக்ரான். மிஷினிலிருந்து எடுத்த சூட்டோடு அளந்து எழுதாதீர்கள், அரை மணி நேரம் கிரானைட் கல் மேல் கிடக்கட்டும். அப்புறம் காரீயப் பித்தளை ஓட்டுகிறவர்கள் கை கழுவாமல் டீ குடிக்க வேண்டாம், சிப்ஸை ஏர் கன்னால் ஊதவும் வேண்டாம், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் வேலைத் துணியோடு தூக்காதீர்கள்.

கையில் இருக்கும் 1500 பீஸுக்கு வருகிறேன். டை போட்டு மரையைச் சரிசெய்யலாம் என்று யாராவது சொல்வார்கள், செய்யாதீர்கள், சரிவில் நிக்கல் கிழிந்து அங்கிருந்தே உரியும். நிக்கலைக் கரைத்து எடுத்து மறுபடி போடலாம், ஆனால் பல கரைசல்கள் பித்தளையையும் சேர்த்துக் கடிக்கும், துளை எச்7-ல் நிற்குமா என்பது உங்கள் முலாம்காரரின் கரைசலையும் கையையும் பொறுத்தது, இருபது பீஸ் கொடுத்து அளந்து பார்த்தபின் முடிவெடுங்கள். அதற்கும் முன்னால் மிச்சமிருக்கும் ராடில் இரண்டு அங்குலம் வெட்டி லேபுக்குக் கொடுங்கள். பிபி இரண்டரை சதவீதம் என்று ரிப்போர்ட் வந்தால் கேஜ் ஏறினாலும் அந்தப் பீஸை அனுப்பாதீர்கள், கஸ்டமரிடம் ரிப்போர்ட்டைக் காட்டி எந்தப் பக்கத் தண்ணீர் என்று கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள், அதற்குத் தகுந்த கிரேடையும் கட்டிங் ஸ்பீடையும் சேர்ந்து பார்ப்போம்.